ஒரு ஜுப்பாவும் ஆயிரம் வாட்ஸும்

முந்தின கிழமை வெள்ளிக்கிழமை நான் ஒரு ஜுப்பாவை அயன் பண்ணினேன்.

இதற்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். வீட்டில் நின்று பண்ணியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் நான் பண்ணியது கோமாரி ஊரில், கடல்நீர் ஏறி நிற்கிற களப்போரத்தில், ஒரு தென்னந்தோட்டத்துக்குள்ளே, மச்சானின் வேனுக்குப் பின்னால்... யாருக்கும் தெரியாமல்!

கரண்டே இல்லாத தோட்டத்தில் அயன் எப்படிச் சூடாகும்? அதற்குத்தான் எங்களிடம் ஓர் இன்வேர்ட்டர் இருந்தது.

நாடு முழுக்கக் கரண்ட் வெட்டின காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் வாங்கியது. பெட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற பெட்டி. பேக்கரியில் விற்கிற ஒரு இறாத்தல் பாண் அளவுதான் இருக்கும். ஆனால் நான் அதை லைட்டுக்காக வாங்கவில்லை. என் மனைவி நஸீறாவுக்காக வாங்கினேன். அவளுக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். காலையும் மாலையும் மருந்தை ஆவியாக்கித் தருகிற மெஷினை முகத்தில் வைத்துப் பத்து நிமிஷம் இழுக்க வேண்டும். அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் அவளுடைய நெஞ்சுக்குள்ளே பூனை கத்துவது போல ஒரு சத்தம் வரும். கேட்டவர்களுக்குத் தெரியும்.

அந்த மெஷின் வந்ததிலிருந்து நஸீறா நாலு வருஷமாக எங்கேயும் போய்த் தங்கியதில்லை. கலியாண வீடென்றாலும் பொழுதுபடும் முன் திரும்பி விடுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் அவளுடைய கண் முதலில் தேடுவது பிளக் பொயின்ட் எங்கே என்பதைத்தான்.

அவளுடைய தம்பி றபீக்குக்கு வேன் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கூட லீவுக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய்க் கூடாரம் அடிப்பான். எங்கள் பிள்ளைகளும் போவார்கள். நஸீறா எல்லாருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, வேன் மறையும் மட்டும் கேற்றில் நிற்பாள்.

இந்த முறை றபீக் ஒற்றைக்காலில் நின்றான்.

"இந்தத் தடவையும் ராத்தா வராட்டி நாங்களும் போகல்ல. அவ்வளவுதான்."

"எனக்காக ஏன்டா புள்ளைகள்ர சந்தோசத்தக் கெடுக்கிற? நீங்க போய்த்து வாங்க. நான் சோறு கட்டித் தாறன்."

"உங்கட சோத்த நீங்க இல்லாம எத்தின வருசம் திண்ட நாங்க? எங்களுக்கும் வெக்கம் இரிக்கி ராத்தா."

அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே தூங்கிக் கிடந்த இன்வேர்ட்டர் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் மெஷினை ஓட்டியது என்றால், தோட்டத்தில் ஓட்டாதா?

பஜாரில் நான் பேக்கும் குடையும் விற்கிற கடைக்கு மூன்று கடை தள்ளி ஒரு பெட்டரிக் கடை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் நல்லம் காக்கா. ஆயிரம் வாட்ஸ் தாங்கும். ஒண்டு மட்டும் மனசில வெச்சிக்கங்க. லைட்டு, ஃபேன், மச்சிட மூச்சு மெஷின், இதெல்லாம் கொறிக்கிற ஆக்கள். சூடாக்கிற சாமான் இரிக்கே, குக்கர், கேத்தல், அயன்... அதெல்லாம் சட்டியோட திங்கிற ஆக்கள்!"

"நான் எங்க தம்பி அதெல்லாம் கொண்டு போற?"

"சொல்லி வைக்கிறன். மறுகா, வேன் பெட்டரில மாட்டினா எஞ்சின் ஓடிக்கிட்டே இரிக்கணும். எஞ்சின நிப்பாட்டிப்போட்டு இழுத்தீங்கண்டா வேனுக்கும் மௌத்து, உங்களுக்கும் நடை."

ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். ஆனால் இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது. பேக் வருகிற காட்போட் மட்டையைக் கிழித்து எழுதினேன். மெஷின் நூற்றைம்பது. ஃபேன் ஐம்பது. குக்கர் எழுநூறு. அயன் ஆயிரம். என் கையாலேயே எழுதினேன் — கவனித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வீட்டுப் பெட்டரியும் கூடவே வந்தது. தெரிந்தவர் ஒருவரின் தோட்டம். முன்னால் களப்பு, பின்னால் தென்னை. கரண்ட் கம்பி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தோட்டத்துக்கு மணல் பாதையில் ஒரு மைல் கட்டைக்கு மேலே போக வேண்டும். பக்கத்தில் இருந்தது தருமலிங்கம் என்ற மீன்பிடிக்கிற அண்ணரின் வாடிக் கொட்டில் மட்டும்தான். வேன் நின்றதும் நிற்காததுமாக அவர் ஒரு தூக்கு மீனோடு வந்தார்.

"தங்கச்சிமாருக்கு ஆணம் வைக்க," என்றார். காசு நீட்டினேன். "அத உள்ள வைங்க தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரம் நஸீறா மெஷினை வைத்தாள். நான் பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டேன். பச்சை லைட் எரிந்தது. 'ட்ர்ர்ர்' என்று மெஷின் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ்! களப்பில் நின்ற கொக்கெல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்தன. நஸீறா மாஸ்க்கைக் கழற்றிச் சிரித்தாள்.

"இஞ்சருங்க, என்ட மெஷினுக்குக் கொக்குப் பயப்படுது!"

நாலு வருஷத்தில் அந்த மெஷினைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதற்குள் றபீக்கின் மனைவி வேனிலிருந்து ரைஸ் குக்கரை இறக்கிவிட்டாள்.

"காக்கா, ரெண்டு சுண்டு அரிசிதான். அரை மணித்தியாலம்."

"ஏலா."

"வெறகடுப்பில வைச்சா அடிப்புடிக்கும் காக்கா."

"புடிச்சாப் புடிக்கட்டும். நஸீறாட மூச்சு இந்தப் பெட்டிக்குள்ளதான் இரிக்கி. குக்கருக்குக் குடுக்க ஏலா."

எப்படி? நல்ல வசனம் இல்லையா? எனக்கே பிடித்திருந்தது. பிள்ளைகள் கேத்தலோடு வந்தபோதும் அதையே சொன்னேன். போனுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு தரம் சார்ஜ். பெண்கள் படுக்கிற கூடாரத்துக்கு ஒரு சின்ன ஃபேன்.

"மச்சான் இப்ப கரண்ட் மந்திரி," என்றான் றபீக். "பெட்டிசம் எழுதிக் குடுத்தாத்தான் பிளக் கிடைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதவி என்பது இனிப்பான சாமான்தான்... ஒரு பிளக் பொயின்டுக்குப் பதவி என்றாலும்!

வெள்ளிக்கிழமை ஸுபஹ் தொழுகைக்குப் பிறகும் மெஷின் ஓடியது. நஸீறா களப்புக் கரையில் நடந்து போனாள். தனியாக. மூச்சு இளைக்காமல். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

வீட்டுப் பெட்டரியில் இப்போது சிவப்பு லைட். ஃபேன் விடியும் மட்டும் ஓடியிருந்தது, போன்கள் வேறு. பயமில்லை என்று நினைத்தேன். ஜும்ஆத் தொழுகைக்குப் பொத்துவிலுக்குப் போய் வருகிற ஓட்டத்தில் வேனோடு கொழுவிச் சார்ஜ் பண்ணிவிடலாம். அவசரமென்றால் வேன் பெட்டரி இருக்கிறதே.

ஜும்ஆ... பேக்கைத் திறந்து ஜுப்பாவை எடுத்தேன். கசக்கி எறிந்த கடதாசி மாதிரி இருந்தது!

என்னுடைய மனதுக்குள்ளே அப்போது ஓடியதை உள்ளபடி எழுதுகிறேன். முதலில் ஓடியது நல்ல எண்ணம்: அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறோம், ஜும்ஆ நாள், அழகாக உடுத்திப் போவது சுன்னத்து. இரண்டாவதாக ஓடியது அவ்வளவு நல்லதல்ல: பொத்துவிலில் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'இவர்தான் அந்த எழுதுகிற காக்கா' என்று யாராவது கைகொடுக்கும் நேரம் இந்தக் கோலத்திலா நிற்பது? முதல் எண்ணத்தை முன்னுக்கு நிறுத்தி, இரண்டாவதை அதற்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஷைத்தானும் என்னைப் போல ஒரு வியாபாரிதான். நல்ல சாமானை மேலே வைத்துத்தான் விற்பான்.

அயன் எங்கிருந்து வந்தது? அதையும் சொல்ல வேண்டுமா! வீட்டிலிருந்து புறப்படும்போதே சாரனுக்குள்ளே சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். அந்த மட்டையில் கணக்கு எழுதிய அதே கை.

வேனின் பெட்டரியில் இன்வேர்ட்டரின் கிளிப் இரண்டையும் மாட்டினேன். எஞ்சின் ஓட வேண்டும் என்று பெட்டரிக் கடைத் தம்பி சொன்னது மறக்கவில்லை. ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டால் ஆட்கள் வருவார்கள். றபீக்கின் மனைவி முதலில் வருவாள்... கையில் குக்கரோடு! அதனால் எஞ்சினைத் தொடவில்லை.

பெட்ஷீட்டை நாலாக மடித்து சீட்டில் விரித்தேன். அயன் சூடேறியது. முன்பக்கம் முடிந்து, பின்பக்கம் முடிந்து, ஒரு கை முடிகிற நேரம் இன்வேர்ட்டர் 'பீப்... பீப்' என்றது. துவாயால் சுற்றி அதன் வாயை அடைத்தேன். அடுத்த கையை அரைவாசி தாண்டும்போது அது தானாகவே நின்றுவிட்டது. பரவாயில்லை, போதும். அயனை ஸ்பெயார் வீலுக்குப் பின்னால் ஒளித்தேன். குளித்து, வுழூச் செய்து, ஜுப்பாவைப் போட்டு, அத்தரும் பூசினேன்.

கரையில் றபீக் தேங்காய்ப் பொச்சு மட்டையை எரித்து மீன் சுட்டுக்கொண்டிருந்தான். நஸீறா கொஞ்சம் தள்ளித்தான் இருந்தாள். காற்று ஒரே திருப்பாகத் திரும்பியது. புகை முழுவதும் அவள் மேலே. எழும்பி வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

கையிலிருந்த மருந்துப் பம்பை வாய்க்குள் இரண்டு தரம் அடித்தாள். இருமல் நின்றது. ஆனால் அந்தப் பூனைச் சத்தம் தொடங்கியது.

"மெஷின... எடுங்க," என்றாள்.

வீட்டுப் பெட்டரியில் மாட்டினேன். பீப் என்று நின்றது. வேன் பெட்டரியில் மாட்டினேன். பீப் என்று அதுவும் நின்றது.

"வேன ஸ்டார்ட் பண்ணு றபீக்!"

றபீக் சாவியைத் திருப்பினான். டிக். இன்னொரு தரம். டிக்... டிக். அவ்வளவுதான்.

"நேத்து நல்லாத்தானே ஓடின வேன்! இதென்ன புதினம்?" சுற்றிப் பார்த்தவனின் கண் அவனுடைய மகள் றிப்காவில் போய் நின்றது. பன்னிரண்டு வயது. கையில் போன்.

"நீதான்! ராவு முழுக்கப் போனக் குத்திக் குத்தி வேன்லயும் சார்ஜ் போட்டிருப்ப! மாமிட நிலமயப் பாத்தியா இப்ப?"

"நான் ஒரு தரம்தான் வாப்பா... அதுவும் மற்றப் பெட்டரில..."

"வாயப் பொத்து!"

பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

வாசகர்களே, நான் அப்போது ஒரு பத்துச் செக்கன் பேசாமல் நின்றேன். ஜும்ஆவுக்கு உடுத்து, அத்தர் பூசி, தொப்பி போட்டு நிற்கிற ஒரு மனிதன், ஒரு பிள்ளை தன்னுடைய குற்றத்துக்கு ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்துச் செக்கன் சின்ன நேரம் என்றா நினைக்கிறீர்கள்? மறுமையில் அது எவ்வளவு நீளமாக இருக்குமோ, எனக்குத் தெரியாது.

"புள்ளய ஏசாத," என்றேன். "நான்தான். ஜுப்பா அயன் பண்ணின."

றபீக் என்னைப் பார்த்தான். பிறகு ஜுப்பாவைப் பார்த்தான். அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மச்சான்..." என்றான்.

நஸீறாவால் பேச முடியவில்லை. ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். சத்தம் கேட்டுத் தருமலிங்கம் அண்ணர் வாடியிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன தம்பி, தங்கச்சிக்கு ஏலாதா?"

"மூச்சு இழுக்குது அண்ணே. வேன் ஸ்டார்ட் வருதில்ல. பெட்டரி செத்திட்டு," என்றேன்.

"உங்கட வாடில கரண்ட் இரிக்கா?" என்றான் றபீக்.

"என்ட வாடில மண்ணெண்ண லாம்புதான். ஆனா லேண்ட்மாஸ்டர் கிடக்கு. அதுக்குப் பெட்டரியும் இல்ல, ஒண்டும் இல்ல. கையால சுத்தினாச் சரி. நீங்க கயித்தக் கட்டுங்க!"

தோணியைக் கரைக்கு இழுக்கிற இரண்டு சில்லு உழவு மெஷின் அது. கைபிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். டப் டப் டப் என்று எழும்பியது. பெரிய பெரிய பேரோடு வருகிற சாமானெல்லாம் கைவிட்ட இடத்தில், ஓர் இரும்புக் கைபிடி!

நஸீறாவை வேனில் இருத்தினோம். றபீக் ஸ்டியரிங்கில். தருமலிங்கம் அண்ணர் முன்னால் இழுக்க, நானும் பிள்ளைகளும் பின்னால் தள்ளினோம். மணலில் சில்லுப் புதைந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பாதையின் நடுவில் களப்புத் தண்ணீர் ஏறின ஓர் ஈரம். அதில் முழங்கால் வரை சேறு. ஒவ்வோர் அடிக்கும் "யா அல்லாஹ், அவளுக்கு லேசாக்கு" என்று மட்டும்தான் வாயில் வந்தது. மண் இறுகின இடத்தில் வேன் வேகம் பிடித்தது. றபீக் கிளச்சை விட்டான். வேன் ஒரு குதி குதித்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சில்லு இரண்டும் சுழன்று, ஒட்டியிருந்த சேறு முழுவதையும் என் மேலே இறைத்தன.

"எஞ்சின நிப்பாட்டாத!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இன்வேர்ட்டரை மாட்டினேன். பச்சை லைட். மெஷின் 'ட்ர்ர்ர்'. நஸீறா மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

அழுத கண்ணோடு றிப்கா மாமியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம். பூனைச் சத்தம் மெல்ல மெல்லத் தூரப் போனது. அவளுடைய தோள் இறங்கியது. மாஸ்க்கைக் கழற்றினாள். தலையிலிருந்து கால் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அயன் நல்லாப் புடிச்சிரிக்கி," என்றாள்.

முதலில் சிரித்தது தருமலிங்கம் அண்ணர். பிறகு எல்லாரும். றபீக் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டொக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, இப்போது பிரச்சினை இல்லை, புகைக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்றார். உடுப்பு மாற்ற நேரமில்லை. சேற்றைக் குழாயடியில் கழுவி, வுழூச் செய்துகொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினோம். குத்பாப் பிரசங்கம் முடிந்துபோய்விட்டது. இரண்டாவது ரக்அத்தின் ருகூவில்தான் போய்ச் சேர்ந்தோம். மயிரிழையில் கிடைத்த ஜும்ஆ. கடைசி ஸஃப் வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில், நனைந்து ஒட்டின ஜுப்பாவோடு நின்றேன். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொழுகையில் நிற்கிறவர்களுக்கு என்னுடைய ஜுப்பாவில் என்ன வேலை? இந்தச் சின்ன விஷயம் விளங்குவதற்கு ஒரு வேன் பெட்டரி சாக வேண்டியிருந்தது.

திரும்பி வந்ததும் நான் கூடாரத்தைக் கழற்றத் தொடங்கினேன். சனிக்கிழமை வரை நிற்பதென்றுதான் வந்தோம். இனி என்ன முகத்தோடு நிற்பது?

"ஆரு உங்கள மடிக்கச் சொன்ன?" என்றாள் நஸீறா.

"போவம் புள்ள. இனி வேணாம்."

"நாலு வருசத்துக்குப் பிறகு வெளிய வந்த நான். ஒரு புகைக்கும் ஒரு அயனுக்கும் பயந்து ஓடவா? விரிங்க பாய!"

விரித்தேன்.

பிறகு றிப்காவைக் கூப்பிட்டேன். "மாமாவ மன்னிச்சிக்க மகள். நீ அழக்குள்ள நான் பேசாம நிண்ட."

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "அப்ப உம்மாட குக்கரப் போடலாமா மாமா?"

போட்டோம்! எஞ்சினை ஓடவிட்டு, எல்லாரும் பார்க்க, ஊருக்கே சத்தம் கேட்க. இன்வேர்ட்டர் ஒரு முனகல்கூட முனகவில்லை. வீட்டுப் பெட்டரியும் பக்கத்தில் நிரம்பியது. அடிப்பிடிக்காத சோறு, தருமலிங்கம் அண்ணர் தந்த மீன். அவரையும் இருத்திச் சாப்பிட வைத்தோம். நஸீறா தன் கையாலே எல்லாருக்கும் பரிமாறினாள். அவள் கட்டிக்கொடுக்க நாங்கள் எங்கேயோ போய்ச் சாப்பிட்ட சோறு இல்லை இது. கடைசியாக அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எஞ்சினை ஓடவிட்டுச் செய்வதற்கு வெட்கமான காரியம் என்றால், அதைச் செய்யாமலே விட்டுவிடலாம். இன்வேர்ட்டர் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தைப் பெட்டரிக் கடையில் கேளுங்கள்.

நேற்று முன்தினம் இங்கே எங்கள் பள்ளி ஜும்ஆவுக்கும் அதே ஜுப்பாவைத்தான் உடுத்திப் போனேன். கழுவிக் காய்ந்தது, அயன் பண்ணவில்லை. வாசலில் ஒரு வாசகர் கைகொடுத்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன காக்கா, வீட்டில கரண்ட் இல்லயா?"

"இரிக்கி தம்பி," என்றேன். "மிச்சம் புடிச்சி வெச்சிரிக்கன்."